மாடனுக்குத் தெரியாதது

உள்ள வா தாயி. செருப்பை அங்கனயே போடு, நாய் தூக்காது, அதுக்குப் பல்லு போயி நாளாச்சு. மோட்டார் காயில் கட்டக் குடுத்த வீட்டு ஆளா நீ? இல்லையா. அப்பம் குறி கேக்க வந்திருக்கே. சரி, உக்காரு. எங்க வீட்ல அவிய கீழத்தெருவுல ஒரு போர் மோட்டாரைத் தூக்கப் போயிருக்காவ. வர நேரமாகும்.

ஆனா முதல்லயே சொல்லிப்புடுதேன், அப்புறம் வெயில்ல வந்ததெல்லாம் வீணாப் போச்சேன்னு என்னைய வையக் கூடாது. அவிய இப்பம் சாமி ஆடுததில்ல. கச்சையைக் கழத்தி வருசமாச்சு. குறி வேணும்னா குளத்து மடைக்குப் போகணும். அங்க தளவாய்னு ஒரு பய ஆடுதான். நல்ல வாட்டசாட்டமான ஆளு. கேட்டதுக்கெல்லாம் பதில் வச்சிருக்கான், கேக்காததுக்கும் வச்சிருக்கான்.

யாரு உன்னைய இங்க அனுப்பினது? பஸ் ஸ்டாப்புல நின்னவனா? ம். துக்கம் நடந்த வீட்டு ஆளுகளைப் பாத்தா இங்கன பத்தி விட்டுருதாவ. உன் கழுத்தைப் பாத்தேன், நான் ஒண்ணும் கேக்கல. டீ போடுதேன், குடி. அவிய ஏன் ஆடுததில்லைன்னு நானே சொல்லிருதேன். ஊருக்குள்ள போயி விசாரிச்சா இந்த மாடத்தியாலதான்னு சொல்லுவாவ. நீயே கேட்டுட்டு நியாயம் சொல்லு.

அவியளுக்குப் பலவேசம்னு பேரு. பேரைச் சொல்லக் கூடாதும்பாவ, சொன்னா என்ன, இனிமே புதுசா என்ன வந்துரப் போவுது. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேச மாட்டாவ. கல்யாணம் ஆன புதுசுல, என்னைய ஒரு ஊமைக்குக் கட்டிக் குடுத்துட்டியேன்னு எங்க அம்மைகிட்டப் போயி அழுதிருக்கேன். குழம்புல உப்பு இல்லன்னாக்கூட சொல்ல மாட்டாவ, தானே எடுத்துப் போட்டுத் தின்னுட்டு எந்திரிச்சுருவாவ. ஆனா கோயில் கொடை அன்னைக்கு மேளம் ஒரு தட்டுத் தட்டட்டும், இடுப்புல கச்சையைக் கட்டி, கையில வல்லயத்தைக் குடுக்கட்டும், அப்பம் பாக்கணும் நீ. மடைவாசல் மாடன் வந்து இறங்கிருவாரு. என்ன சிரிப்பு, என்ன அதட்டு. நீட்டமா வேல்கம்பு மாதிரி இருக்கும்லா அந்த வல்லயம், அதை வீசிக்கிட்டு வந்தா ஊரே ஒதுங்கி நிக்கும். நிசமாச் சொல்லுதேன், எம் புருசன் என்கிட்டப் பேசுனதைவிட மாடன் என்கிட்டப் பேசுனது அதிகம். நானே கொடைக்குக் கொடை வரிசையில நின்னு வீட்டு விசயத்தை அங்க வச்சுத்தான் கேட்டுக்கிடுவேன். ஓடு மாத்தலாமா, தம்பிக்குப் பாகம் பிரிச்சு விடலாமா, எல்லாம். வீட்ல கேட்டா ம்ம்னு கூட வராது. அங்க கேட்டா படக்குன்னு வரும்.

மாடன் காவலுக்கு நிக்குத சாமி. குளத்து மடையில நின்னு ஊரைக் காக்காரு. எல்லைக்குள்ள பேய் வராது, பில்லி சூனியம் அண்டாது, களவாங்க வந்தவனுக்குக் கண்ணு அவிஞ்சு போகும்னு வில்லுப்பாட்டுக்காரி தொண்டை கிழியப் பாடுவா. எங்க அம்மை அவருகிட்ட வேண்டிப் பெத்ததுனாலதான் எனக்கு மாடத்தின்னு பேரு. அதனால நான் அவரை என்ன வேணா பேசுவேன். எனக்கு அந்த உரிமை இருக்கு. நீ பேசிராத.

எங்களுக்கு ஒரே மக. எல்லாரும் இனிமே இல்லன்னு கைவிட்ட பிறகு பிறந்தா. எங்க மாமியா பேரு, உலகம்மாள். உலகு உலகுன்னு கூப்பிடுவோம். அப்பனுக்கு நேர் எதிரு, வாய் ஓயவே ஓயாது. மோட்டார்ல சுத்துத செம்புக் கம்பியில மிச்சம் கிடக்கும்லா, அதை எடுத்து வளையல் பண்ணிப் போட்டுக்கிட்டு நாலாம் வகுப்புக்குப் போவா. டீச்சர் கழத்தச் சொன்னா, 'எங்கப்பா கையில மாடன் வருவாரு, இது மாடன் வளையலு'ன்னு சொல்லிட்டு வந்துருவா. ஒரு நா அப்பன்கிட்டக் கேக்கா, 'யப்பா, மாடன் உன் மேல வரும்போது நீ எங்க போவே?' அவிய கம்பி சுத்துததை நிறுத்தி யோசிச்சுட்டு, 'ஓரமா நிப்பேன்'னாவ. அவளும் சரின்னு போயிட்டா.

அந்த ஐப்பசியில மழை விடாமப் பேஞ்சுது. மழை விட்டதும் காய்ச்சல் வந்துது. டெங்குன்னாவ. தெருவுல பாதிப் பேரு படுத்தாவ, எந்திரிச்சாவ. உலகும் படுத்தா. எந்திரிக்கல.

அதை விரிச்சுச் சொல்ல எனக்கு ஆகாது தாயி. பெரியாஸ்பத்திரியில நல்லாத்தான் பாத்தாவ. ரத்தத்துல ஏதோ அணு இறங்குதுன்னாவ, ஏத்தினாவ, திரும்பவும் இறங்குச்சு. நான்தான் அவியகிட்ட, 'மாடன் பீடத்துல போயித் திருநீறு எடுத்துட்டு வாங்க'ன்னேன். 'நான் இங்கன நிக்கேன், தம்பியை அனுப்புவோம்'னாவ. 'நீங்க ஆடுத சாமி, நீங்க போயி எடுத்தாத்தான் பலிக்கும்'னு பிடிச்சுத் தள்ளி விட்டேன். ரெண்டு பஸ் மாறிப் போகணும். போயிட்டு, அந்தப் பொட்டலத்தைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு அவிய வந்து சேருததுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. பெத்த மக போற நேரத்துல அப்பன் பக்கத்துல இல்ல. அதை எத்தனையோ தடவை அவியளுக்குச் சொல்லிக் காட்டியிருக்கேன். போகச் சொன்னது நான்தான், இல்லங்கல. ஆனா போனவிய வெரசலா வரணும்லா?

பதினாறு கழியுத வரைக்கும் வீடு நிறைய ஆளு. வந்தவ அழுதுட்டுப் போயிருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. ஆளுக்கொரு காரணம் கொண்டு வந்தாவ, சடங்கு வீட்டுக்குச் சீர் கொண்டு வருத மாதிரி. மேலத்தெருக் கிழவி ஒருத்தி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நல்ல பிள்ளையளைத்தான் சாமி சீக்கிரமாக் கூப்பிட்டுக்கிடும்னா. 'அப்பம் உன்னைய ஏன் இன்னும் கூப்பிடாம வச்சிருக்கு'ன்னு கேட்டுட்டேன். எந்திரிச்சுப் போனவதான், பதினாறாம் நாள் பந்திக்குக்கூட வரல.

ஜோசியர் வந்தாரு. நோட்டைப் பிரிக்காமலே, இது முன் ஜென்மத்துக் கணக்குன்னாரு. எம் மக போன ஜென்மத்துல ஒரு ராஜா வீட்டுப் பொண்ணாம், ஒரு நாகத்தை அடிச்சுக் கொன்னுட்டாளாம். சரி, அடிச்சவளை அப்பவே அந்த அரண்மனைக்குள்ள வச்சுக் கேட்டிருக்க வேண்டியதுதானே? காயில் கட்டுதவன் மகளை எதுக்குப் பிடிக்கணும்? போலீஸ்காரன்கூட ஆள் மாத்திப் பிடிச்சா மறுநா விட்டுருவான்னேன். பஞ்சாங்கத்தைக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

ஜெபவீட்டுல இருந்து ஒரு பொம்பள வந்தா. ஆண்டவர் தோட்டத்துக்கு ஒரு பூ வேணும்னு பறிச்சுக்கிட்டாரும்மான்னா. அடுத்த வீட்டுத் தோட்டத்துல கேக்காமப் பறிச்சா எங்க ஊருல அதுக்குப் பேரு வேறன்னேன். பாவம், அவ கோவிச்சுக்கிடல. முழங்கால் போட்டு எனக்காக அழுதா. அழுதது எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. பேசுனதுதான் நல்லா இல்ல.

டைலர் ஒருத்தன் இருக்கான், கருப்புச் சட்டை போடுவான், சாமியே கிடையாதுக்கா, இது இயற்கைன்னான். அவன் சொன்னதுல ஏதோ பொருள் இருக்குன்னு நானும் ரெண்டு நாள் யோசிச்சேன். ஆனா சாமி இல்லன்னா நான் யாரைப் போயி வையிறது? இயற்கையை வையணும்னா அதுக்கு ஒரு மூஞ்சி வேண்டாமா?

காரணம் என்னன்னு எனக்குத் தெரியும் தாயி. கொசு. டாக்டரே சொல்லிட்டாரு, பகல்ல கடிக்குத கொசு, நல்ல தண்ணியில முட்டை போடுததுன்னு. பக்கத்து வீடு எங்க கொழுந்தன் வீடு. அவரு பொண்டாட்டி பூலம்மா. அவ வீட்டுல சிமெண்டுத் தொட்டி ஒண்ணு எப்பவும் மூடாமக் கிடக்கும். அங்க இருந்துதான் வந்திருக்கணும். அவ பிள்ளைய ரெண்டும் கல்லு மாதிரி இருக்கு, எம் பிள்ளை போச்சு. அன்னையிலருந்து அவளோட எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

சுகாதாரத்துல இருந்து ஒரு பொண்ணு டார்ச்சு லைட்டோட வந்தா. பூலம்மா தொட்டியை எட்டிப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னுட்டா. அதுல மீன் விட்டிருக்காவளாம், மீனு புழுவைத் தின்னுருமாம். நேரா நம்ம வீட்டுக்குப் பின்னால வந்து ஆட்டுரலுக்குள்ள லைட்டை அடிச்சா. எங்க அம்மை எனக்குச் சீராக் குடுத்த ஆட்டுரலு. கிரைண்டர் வந்த பிறகு புறவாசப் படி பக்கத்துல சும்மா கிடந்துச்சு. உலகு அந்தப் படியில உக்காந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவா. உரல் குழி நிறைய மழைத் தண்ணி, அதுக்குள்ள வால் வாலா நெளிஞ்சுக்கிட்டுக் கிடக்கு. 'இதாம்மா'ன்னா அந்தப் பொண்ணு. எனக்கு வந்துச்சே கோவம். மழை பேஞ்சா உரல்ல தண்ணி கிடக்காம பாலா கிடக்கும்? போ, போயி அந்தத் தொட்டியை இன்னொருக்காப் பாருன்னு விரட்டி விட்டேன்.

அவிய அங்கனதான் நின்னாவ. அந்தப் பொண்ணு கையில இருந்து டார்ச்சை வாங்கி, குனிஞ்சு அவியளும் பாத்தாவ. ரொம்ப நேரம் பாத்தாவ. என்னைய ஒரு பார்வை பாத்தாவ. மறுநா நான் குளத்துக்குக் குளிக்கப் போயிட்டு வாரேன், சம்மட்டியை எடுத்து அந்த உரலைத் துண்டு துண்டா உடைச்சுப் போட்டிருக்காவ. எங்க அம்மை குடுத்த உரலு. ஏன் உடைச்சீயன்னு கேட்டா, இடைஞ்சலா இருந்துச்சுங்காவ. துக்கத்துல மனுசனுக்குப் புத்தி பிசகத்தான் செய்யும்னு விட்டுட்டேன். ஆனா அந்த உரலை நினைச்சா இன்னும் மனசு ஆறல.

மத்தபடி ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. அவ பேரைக்கூடச் சொல்லல. அவ பை, செருப்பு, ரிப்பன் எல்லாத்தையும் கண்ணுல படாம எங்கயோ எடுத்து வச்சுட்டாவ. எந்நேரமும் பட்டறைச் செட்டுல உக்காந்து கம்பி சுத்துததுதான். எனக்கு யாரோடயாவது சண்டை போடணும் போல இருக்கும். பேசாத மனுசனோட எப்படிச் சண்டை போடுதது? நான் பேச, நான் பேச, அவிய பாட்டுக்குச் சுத்திக்கிட்டிருப்பாவ.

சாவு விழுந்த துட்டி வீடுன்னு அந்த வருசக் கொடையில அவிய ஆடல. அடுத்த வருசம் கோயில் தலைவர் ஆவுடையப்பன் வெத்தலை பாக்கோட வந்துட்டாரு. கச்சை கட்டணும்னாரு. நான் அடுப்படியில இருந்தே கேக்குத மாதிரி, நம்ம பிள்ளையைக் காப்பாத்தாத சாமிக்கு என்ன ஆட்டம் வேண்டிக் கிடக்குன்னேன். அவிய, 'கூப்பிட்டுட்டாவல்லா'ன்னு சொல்லி வெத்தலையை வாங்கிக்கிட்டாவ. அப்பம்தான் எனக்கு அந்த யோசனை வந்துச்சு. சரி, ஆடட்டும். மாடன் வரட்டும். வீட்ல பேசாட்டாலும் அங்க வாயைத் திறந்துதானே ஆகணும்.

மத்தியானக் கொடை. உச்சி வெயிலு. பந்தல்ல சனம் நெருக்கித் தள்ளுது. மேளம் வச்சு, வில்லு வச்சு, மாடன் இறங்கி ஒரு சுத்து ஆடி முடிச்சுட்டு பீடத்து முன்னால குறி சொல்ல நிக்காரு. நான் தலையை முடிஞ்சுக்கிட்டு வரிசையில போயி நின்னேன். எனக்கு முன்னால ஒருத்தன் கன்னுக்குட்டியைக் காணோம்னான், கிழக்க கிடக்குன்னாரு. ஒருத்தி மகளுக்குக் கல்யாணம் கூடி வரலன்னா, தை பிறக்கட்டும்னாரு. இன்னொருத்தன் போர்ல தண்ணி இல்லன்னான், இன்னும் இறக்குன்னாரு. அடுத்து நானு.

'வா தாயி, என்ன கேக்கணும்?'னாரு. கொடைக்குக் கொடை கேக்குத அதே குரலு.

'எம் பிள்ளை எங்க?'ன்னேன்.

பின்னால ஒரு சலசலப்பு. நான் திரும்பிப் பாக்கல. 'நீ காவக்காரன்தானே? கையில வல்லயத்தை வச்சுக்கிட்டு எதுக்கு மடையில நிக்கே? பேயை விரட்டுதே, களவாணியை விரட்டுதே, ஒரு கொசுவை விரட்ட உனக்குத் துப்பில்லையா?'

மேளக்காரன் கையை நிறுத்திட்டான். எவனோ ஒரு பய களுக்குனு சிரிச்சான், யாரோ அவனை அடிக்குத சத்தமும் கேட்டுச்சு. ஆவுடையப்பன் ஓடி வந்து, குறி கேக்கணும்னா முறையாக் கேளு மாடத்தி, சாமிகிட்ட வம்பு வளக்காதேன்னாரு. முறையாத்தான் கேக்கேன், வரிசையில நின்னுதானே வந்தேன்னு அவரை ஒதுக்கி விட்டுட்டு மாடன்கிட்டத் திரும்பினேன்.

'தெரியாம விட்டியா, தெரிஞ்சே விட்டியா? தெரியாம விட்டேன்னா நீ என்ன சாமி? தெரிஞ்சே விட்டேன்னா நீ என்ன மனுசன்?'

ஆவுடையப்பன் பாத்தாரு, சாமிக்கு எடுத்துக் குடுக்குத மாதிரி ஒரு கேள்வி போட்டாரு. சாமி, இது வீட்டுக் குத்தமா, வெளிக் குத்தமா, அதைச் சொன்னா அவ பரிகாரம் பண்ணிருவான்னாரு. வழக்கமாக் கேக்குததுதான். மாடன் அதுக்கு உடனே சொல்லிருவாரு. வீட்டுக் குத்தம்னா கெடா, வெளிக் குத்தம்னா சேவலு. எனக்கு அதைக் கேட்டதும் இன்னும் ஏறிடுச்சு.

'ஆமா, சொல்லு'ன்னேன். 'எங்க வீட்டுக் குத்தம்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லு. யாரு செஞ்ச குத்தம், பேரைச் சொல்லு. இத்தனை பேரு முன்னால வச்சே சொல்லு.'

மாடன் என்னைய உத்துப் பாத்தாரு. சாமி வந்தா கண்ணு இமைக்காதும்பாவ. இமைச்சுது, நான் பாத்தேன். வாயைத் திறந்தாரு. என்னமோ சொல்ல வந்த மாதிரிதான் இருந்துச்சு, நாக்கு நுனி வரைக்கும் வந்த மாதிரி. திரும்ப மூடிக்கிட்டாரு. வல்லயத்தைத் தரையில ஊன்றிப் பிடிச்சாரு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம், பாத்தியா, பதில் இல்லாம முழிக்காருன்னு. அப்புறம், அந்தச் சிரிப்பு அதட்டு ஒண்ணும் இல்லாம, மெதுவா ஒரு குரல் வந்துச்சு.

'தெரியல தாயி.'

எனக்குத்தான் கேட்டுச்சு. பின்னால நின்னவனெல்லாம் என்ன சொன்னாரு, என்ன சொன்னாருங்கான். அவரே நிமிந்து, எல்லாருக்கும் கேக்குத மாதிரி இன்னொருக்காச் சொன்னாரு. 'எனக்குத் தெரியல. யாரு மேலயும் குத்தம் இல்ல.'

இன்னும் எவ்வளவோ ஏச்சு நான் கைவசம் வச்சிருந்தேன் தாயி, நாலு நாளா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்து வச்சது. எல்லாம் மறந்து போச்சு. அப்படியே மண்ணுல உக்காந்துட்டேன். எம் பிள்ளை போன அன்னைக்குக்கூட நான் அப்படி அழல.

அதுக்கப்புறம் ஒரே கலவரம். சாமிக்கே தெரியலன்னா நாங்க யாருகிட்டப் போயிக் கேக்கன்னு ஒருத்தன் கத்துதான். அந்தக் கன்னுக்குட்டிக்காரன் வரிசையை முறிச்சுக்கிட்டு வந்து, கிழக்க கிடக்குன்னு சொன்னது தெரிஞ்சு சொன்னதா, தெரியாமச் சொன்னதா, நான் இப்பம் எந்தப் பக்கம் போகணும்னு கேக்கான். வில்லுக்காரி எந்தப் பாட்டை எடுக்குததுன்னு தெரியாம உக்காந்திருக்கா. கடைசியில ஆவுடையப்பன்தான் ஒரு தீர்ப்புச் சொன்னாரு. மாடன் அதுக்கு முன்னாலயே மலையேறிட்டாராம், பேசுனது பலவேசமாம். பொண்டாட்டியைப் பாத்ததும் சாமி ஓடிப் போச்சுன்னு ஒரு பேச்சு. ஆவுடையப்பன் அவியகிட்டயும் வந்து சொன்னாரு, 'தெரியலன்னு சொன்னது நான்தான்னு நாலு பேரு முன்னால ஒத்துக்கிட்டு, பீடத்துல விழுந்து கும்பிட்டுரு பலவேசம், அடுத்த வருசமும் நீயே ஆடு'ன்னு.

அவிய ஒத்துக்கிடவும் இல்ல, மறுக்கவும் இல்ல. கச்சையைக் கழத்தினாவ, மடிச்சாவ, பீடத்துல வச்சுட்டு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாவ. இந்த ஊருல அவியளுக்குன்னு இருந்த ஒரே மரியாதை அது. கொடை அன்னைக்கு மட்டும்தான் நாலு பேரு அவிய கால்ல விழுவான். அது போச்சு. வீம்பு பிடிச்ச மனுசன்.

அந்தா, அந்த ஆட்டம் தளவாய்க்குப் போனது அப்படித்தான். ஆவுடையப்பன் மருமகன். முத கொடையிலயே யாரும் கேக்காம எம் பிள்ளை விசயத்தை அவனா எடுத்து, அது வீட்டுக் குத்தம், ஒரு கெடா குடுக்கணும்னான். நான் அவனுக்குச் சொன்ன பதிலை உன்கிட்டச் சொல்ல முடியாது, நீ சின்ன வயசு.

ஆனா ஒண்ணு நடந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலம், கச்சையை வச்சுட்டு வந்த அன்னைக்கே, அவிய புறவாசப் படியில வந்து உக்காந்தாவ. நான் பாத்திரம் தேச்சுக்கிட்டிருந்தேன். 'கடைசியில தண்ணி கேட்டாளா?'ன்னாவ. எனக்குப் புரியல முதல்ல. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு, இந்த மனுசன் இதை இன்னும் கேக்காம இருந்திருக்கு. 'கேட்டா, ஸ்பூன்ல குடுத்தேன், ரெண்டு வாய் குடிச்சா'ன்னேன். 'வேற என்ன கேட்டா?'ன்னாவ. 'அப்பா எங்கன்னு கேட்டா. திருநீறு எடுக்கப் போயிருக்காவன்னேன். வரும்போது மாடனையும் கூட்டிட்டு வருவாவளான்னு கேட்டா'ன்னேன். அவிய துண்டை எடுத்து வாயில அமுக்கிக்கிட்டாவ. அதுக்கு முன்னால அந்த மனுசன் அழுது நான் பாத்ததே இல்ல. நானும் சாம்பக் கையோட பக்கத்துல போயி உக்காந்துட்டேன். அதுல இருந்து தினமும் அவளைப் பத்தி ஏதாவது ஒண்ணு பேசுவோம். அவளோட பையை எங்க வச்சிருக்காவன்னு கேட்டேன். செட்டு மச்சுல, கம்பிச் சுருளுக்குப் பின்னால.

அப்புறம் ஆளு வர ஆரம்பிச்சுது. முத முதல்ல யாரு வந்தான்னு நினைக்கே? அந்தக் கன்னுக்குட்டிக்காரன். அவன் பொண்டாட்டி பிரசவத்துல போயிட்டா. நேரா செட்டுக்கு வந்து அவிய முன்னால உக்காந்து, ஏன் எனக்கு மட்டும் இப்படி ஆகணும்னு கேட்டான். அவிய தெரியலன்னாவ. கம்பியோட ஒரு முனையை அவன் கையில குடுத்து, தளராமப் பிடிச்சுக்கிடச் சொன்னாவ. அவன் பிடிச்சான், அவிய சுத்தினாவ. சாயங்காலம் வரைக்கும் ரெண்டு பேரும் வேற ஒண்ணும் பேசல. மறுநாளும் வந்தான். அப்புறம் ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாவ, கடைசியில வெளியூருலருந்து நீ. சும்மா உக்காந்திருப்பாவ, சில பேரு அழுவாவ, சில பேரு சாமியை வைவாவ. நல்லா வையத் தெரியாதவியளுக்கு நான் சொல்லிக் குடுப்பேன். பதில் தெரியாத ஆளைத் தேடி இத்தனை பேரு வாரதை நான் வேற எங்கயும் பாத்ததில்ல. தளவாய்கிட்ட போர் தோண்டுதவனும் பொண்ணு பாக்கவனும் போறான். துட்டி வீட்டுக்காரன் எல்லாம் இங்கன வாரான். எனக்கு டீ போட்டே கை ஓஞ்சு போச்சு. உன்னையச் சொல்லல, நீ குடி.

நானும் செவ்வாய்க்கிழமை ஆனா மடைக்குப் போவேன். கும்பிடுததுக்கு இல்ல. எனக்கு இப்பம் நம்பிக்கை கிம்பிக்கை ஒண்ணும் கிடையாது, சும்மா ரெண்டு வார்த்தை பேசிட்டு வருததுக்கு. எல்லாரும் பீடத்துல ஊதுவத்தி பொருத்துவாவ, நான் கொசுவத்திச் சுருள் ஒண்ணு பொருத்தி வைப்பேன். ஆவுடையப்பன் குதிச்சாரு. குளத்தங்கரையில வெத்து மேலோட நிக்காரு, அவரையும் கடிக்கத்தானே செய்யும்னேன். கேலி இல்ல தாயி. எல்லா ஊருலயும் சாமி இருக்கு, எல்லாச் சாமிக்கும் எல்லாம் தெரியும். எம் பிள்ளை போனதுக்குக் காரணம் எனக்குத் தெரியல, யாரு மேலயும் குத்தம் இல்லன்னு நேராச் சொன்ன சாமி எதுன்னு நீ காட்டு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அவரை விட்டு வச்சிருக்கேன். பூலம்மாளோட மட்டும் இன்னும் பேச்சு இல்ல. யாரு மேலயும் குத்தம் இல்லன்னாரு, சரி, அதுல பூலம்மாளைச் சேத்திருக்க மாட்டாரு.

ஊரு இன்னும் அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கு, அது மாடன் இல்ல, பலவேசம்னு. எனக்கும் கேட்டுக் கேட்டு ஒரு சந்தேகம் வந்துருச்சு. போன மாசம் ஒரு நா சோறு வைக்கும்போது வாய் விட்டுக் கேட்டுட்டேன். 'அன்னைக்கு மத்தியானம் தெரியலன்னு சொன்னது நீங்களா, அவரா? நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன், உள்ளதைச் சொல்லுங்க'ன்னேன். அவிய சோத்தைப் பிசையிறதை நிறுத்திட்டாவ. புறவாசப் பக்கம் ஒரு பார்வை பாத்தாவ. அப்புறம் என்னையப் பாத்து, 'மாடன்தான்'னாவ.

எனக்கு அது போதும். ஊருக்காரன் ஆயிரம் சொல்லட்டும். நான் இத்தனை வருசம் கூட இருந்து பாத்துட்டேன். எங்க வீட்ல அவியளுக்குப் பேச வராது, சாமர்த்தியம் வராது, நாலு பேரு மாதிரி பிழைக்கவும் வராது. ஆனா பொய்யும் வராது தாயி.